ஓபி சீட்டில் எழுதாத மருந்து

வார்டில் படுத்திருப்பவருக்குச் செவிலியரே மாத்திரை கொடுக்கிறார். கொடுத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் குறிக்கிறார். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே கண்ணில் படும். புறநோயாளிக்கு இந்தக் காவல் இல்லை. மருந்து வாங்கிய கையோடு அவர் பேருந்து ஏறிவிடுகிறார். அதன்பின் அவருக்குத் துணை ஓபி சீட்டும் மாத்திரை கவரும்தான். அவற்றில் எழுதுவதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

கவுன்ட்டரில்

மருத்துவர் எழுதித் தரும் மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் எடுத்துத் தர வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம். அவசரத்தில் எழுதிய சீட்டில் மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் ஒன்றுபோலத் தெரியலாம். முன்னது சர்க்கரைக்கு, பின்னது தொற்றுக்கு. சந்தேகம் வந்தால் ஊகிக்காமல், எழுதிய மருத்துவரிடமே கேட்டுவிட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். கவரில் ‘1-0-0’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யார்தான் தினசரி மாத்திரை என்று நினைக்க மாட்டார்கள்? எந்தக் கிழமை என்று எழுத வேண்டும். எழுதியதை நோயாளி தம் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அடுத்தவரைக் கூப்பிடக் கூடாது.

மருந்துக் கடையில்

சில வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்றவை எச்1 பட்டியலில் உள்ளன. 2014 மார்ச் 1 முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு கட்டாயம். சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைக் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஊசி போடும் அறையில்

மருந்து ஏற்றிய சிரிஞ்சைப் பெயர் ஒட்டாமல் தட்டில் வைப்பது பெரிய ஆபத்து. ஏற்றியவரே போட வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும். பதிவேட்டில் எழுதுவதோ போட்ட பிறகுதான். முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, நோயாளி ஊசி போடாமலே கிளம்பிப்போனால் அந்தப் பதிவு பொய்யாகிவிடும். மருந்து, அளவு, நேரம், தசையிலா நரம்பிலா என்பது, பேட்ச் எண், கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடலாம். அதன்மேலேயே திருத்தி எழுதக் கூடாது.

பலமுறை எடுக்கும் குப்பியில் திறந்த தேதியை எழுத வேண்டும். தயாரிப்பாளர் வேறு கெடு சொல்லாவிட்டால் 28 நாளில் அதைக் கழித்துவிட வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது காலாவதித் தேதி உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. அந்தத் தேதியைக் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஏதேனும் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால், அதன் பெயரைச் சீட்டின் தலைப்பிலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.