பழைய போனை மறக்காத ஆப்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் மேசையில் இருப்பது புதிய போன். அவர்கள் எழுதும் ஆப்பை ஊரில் திறக்கப்போகும் அம்மாவிடம் இருப்பதோ, மகன் மாற்றிக் கொடுத்த பழைய போன். பழைய பதிப்புகளிலும் ஓடவைப்பது சலிப்பூட்டும் வேலை என்பார்கள். எனக்கு அதுவே ஆப் தொழிலின் முக்கியமான வேலையாகப் படுகிறது.

ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் உண்டு. ஆப் ஓடக் குறைந்தபட்சம் தேவையான எண்ணை, அதாவது 'மினிமம் எஸ்டிகே'யை, 24 என்று குறித்துவிட்டால், ஆண்ட்ராய்டு 7க்குக் கீழே உள்ள போன்களுக்கு பிளே ஸ்டோர் அந்த ஆப்பைத் தராது. எண்ணைக் குறைத்தால் மட்டும் போதாது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, நோட்டிஃபிகேஷன்களை 'சேனல்' வாரியாகப் பிரிக்கச் சொன்னது. அந்தப் பதிப்புக்கென எழுதிய ஆப் சேனல் அமைக்காவிட்டால் நோட்டிஃபிகேஷன் வராது. சேனல் அமைக்கும் அந்தக் கட்டளை ஆண்ட்ராய்டு 7இல் ஓடினால், அங்கே சேனலே கிடையாது என்பதால் ஆப் க்ராஷ் ஆகும். ஆகவே ஓடும்போதே பதிப்பு என்னவென்று பார்த்து வழி பிரியவேண்டும். கூகுளின் ஆண்ட்ராய்டுஎக்ஸ் நூலகங்கள் இந்தச் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன.

குறை இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கும்போதுதான் திணறல். ஓர் இணையதளம் தான் யாரென்று காட்டும் சான்றிதழை நீட்டியதும், அதற்கு அடிப்படையான மூலச் சான்றிதழ் தன் பட்டியலில் இருக்கிறதா என்று போன் பார்க்கிறது; இல்லாவிட்டால் அந்தத் தளத்தை நம்ப மறுக்கிறது. பழைய ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டியல் இயங்குதளத்தோடு வந்தது. அப்டேட் நின்றால் பட்டியலும் அங்கேயே நின்றுவிடும். இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், 2020 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அது சார்ந்திருந்த ஐடென்டிரஸ்ட் நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியாகும். லெட்ஸ் என்கிரிப்டின் சொந்த மூலச் சான்றிதழோ 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் இல்லை. அப்போது 33.8 சதவீத ஆண்ட்ராய்டு கருவிகள் அந்த நிலையில் இருந்தன. மூன்றில் ஒரு போன்!

காப்பாற்றியது ஒரு விசித்திரமான நடைமுறை. தன் பட்டியலில் உள்ள மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பொருட்படுத்துவதில்லை. அதை வைத்து, லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழுக்கு ஐடென்டிரஸ்ட் புதிதாகக் கையொப்பமிட்டுத் தந்தது. அந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30 வரை தாங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு இந்தக் கவலையே இல்லை. அது தன் பட்டியலைத் தன்னோடு கொண்டுவருகிறது. ஆப் எழுதுபவர்களும் தேவையான மூலச் சான்றிதழை ஆப்பிலேயே வைத்து அனுப்பலாம். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாப் பதிப்பையும் என்றைக்கும் தாங்க முடியாது என்பது உண்மை. பாதுகாப்புத் திருத்தம் வராத போனைப் பணம் கையாளும் ஆப் விலக்கினால் அதில் நியாயம் இருக்கிறது. பொதுச் சேவை ஆப்களின் கதை வேறு. கொரோனா ஊரடங்கு தளர்ந்தபோது, 2020 மே மாதம் கேரளத்தில் மதுக்கடைக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த 'பெவ்க்யூ' ஆப்பை கொச்சியைச் சேர்ந்த ஃபேர்கோட் நிறுவனம் எழுதியது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் எஸ்எம்எஸ் அனுப்பியே டோக்கன் பெற அதில் வழி செய்திருந்தார்கள். ரேஷன், ஓய்வூதியம், மருத்துவமனை டோக்கன் ஆப்களில் மினிமம் எஸ்டிகேயை உயர்த்தும் அன்றே இப்படியொரு எஸ்எம்எஸ் வழியும் திறந்திருக்க வேண்டும்.