வாழ்வோரை வினவி வகுத்த மனைகள்

செல்வர்க்கு வீடமைப்போன் அவர் வாயிலிற் பன்முறை நின்று விருப்பறிவான். எளியோரை வினவுவார் யார்? வினவினார் ஒருவர். கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா (1918–1998), கண்டி வட்டபுளுவவில் 1958ஆம் ஆண்டளவில் அமைந்த வீடமைப்புத் திட்டத்தை வகுக்குமுன், குடியேறவிருந்த அரசாங்க ஊழியர்க்கு வினாக்கொத்தொன்றை வழங்கினார். குடும்பம் எத்துணைப் பெரிது, வருவாய் யாது, வாழ்க்கை முறை எத்தகைத்து என்பனவே அவர் அறிய விழைந்தவை. இந்நாட்டிலோ இனத்துக்கோர் அடுக்களை வழக்கம், சமயத்துக்கோர் வழிபாட்டிடம்! பெற்ற விடைகளுக்கேற்ப வீட்டு மாதிரிகள் பலவாயின.

ஒரே மாதிரியைப் பலவாய்ப் படியெடுத்தலே சிக்கனம் என்பர் கணக்கர். பின்னர்க் குடியிருப்போர் சுவரிடித்து, கதவு மாற்றி, தாழ்வாரம் இறக்கும் செலவு அவர்தம் ஏட்டில் ஏறுவதில்லை. அஃது ஏழையின் கடன் கணக்கிலேயே ஏறுகின்றது.