நெடும்பயணத்தில் மீன்குஞ்சுகள்

மழைக்காலத்தில் நைஹாத்தியிலிருந்து சியால்டா வரும் புறநகர் ரயிலில் பயணம் செய்தோர் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். 'ஹாண்டி' என வங்காளிகள் வழங்கும் அகன்ற பானையின் அருகே ஒருவர் அமர்ந்து, அதிலுள்ள நீரை ஓயாமல் கையால் தட்டிக்கொண்டிருப்பார். பானைக்குள் இருப்பவை ரோகு, கட்லா, மிர்கால் மீன்களின் குஞ்சுகள். அக்கை சற்று நேரம் ஓய்ந்தால், ஒரு குளத்துக்காரரின் ஓராண்டு வருவாய் வழியிலேயே அழிந்துபோகும்.

இதன் காரணத்தை நாம் அறிதல் வேண்டும். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. சிறிதளவு நீரில் பல்லாயிரம் குஞ்சுகள் நெருங்கியிருந்தால் அவ்வாயு விரைவில் தீர்ந்துவிடும், கரியமிலவாயு மிகும். நீரைத் தட்டும்போது புதுக் காற்று கலக்கிறது. வெயில் ஏறினால் துன்பம் இருமடங்காகும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும், குஞ்சுகளோ மிகுதியாகச் சுவாசிக்கும்.

மற்றொரு பகை, மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா. ஆதலால் அனுபவமுடையோர், புறப்படுமுன் குஞ்சுகளைக் குளத்தில் கட்டிய துணித் தொட்டியில் இரையின்றி வைத்து, வயிறு வெறுமையான பின்னரே பானையில் இடுவர். நலிந்த குஞ்சுகளும் அங்கேயே நீக்கப்படும்.

தொலைதூரப் பயணத்துக்கு இன்று பாலிதீன் பை பயன்படுகிறது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீர். எஞ்சிய இடத்தில் பிராணவாயுவை நிரப்பி இறுகக் கட்டுவர். குஞ்சு பெரிதாகவும் வழி நீண்டதாகவும் இருந்தால் எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டும். சேருமிடத்தில் பையைக் குளத்து நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் சமமான பின், குளத்து நீரைச் சிறிது சிறிதாகக் கலந்தே குஞ்சுகளை விடுவர்.

கொல்கத்தாச் சந்தையில் உயிருடன் விற்கப்படும் கொய், சிங்கி, மாகுர் ஆகியவற்றின் இயல்பு வேறு. கொய் என்பது நம் நாட்டுப் பனையேறிக் கெண்டையே. இவை நீரின் மேலே வந்து காற்றையும் நேரே சுவாசிப்பவை. சிறிதளவு நீரே போதும். ஆயின் காற்றுப் புகாதவாறு மூடிவிட்டால், நீர் நிறைந்த பாத்திரத்திலும் மூச்சுத் திணறி இறக்கும்.

1957இல் கட்டாக்கில் ஹீராலால் சௌதுரியும் அலிக்குஞ்ஞியும் ஊசிமருந்தால் இக்கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதற்கு முன் இவற்றின் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் ஆறுகளையே நம்பியிருந்தோம். வங்கத்து ஆறுகளில் பிடித்த குஞ்சுகள் ரயிலேறிப் பிற மாநிலங்களுக்குச் சென்றன. மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கட்லாவும் ரோகுவும் காவிரிக்குப் பிறந்தவை அல்ல. வடநாட்டு ஆறுகளின் இனத்தவை. நாம் தெற்கிலிருந்து இங்கு வந்ததுபோல், அவை வடக்கிலிருந்து தெற்கே குடியேறின. இனி ஊர் செல்லும்போது உண்ணும் கட்லாவின் முன்னோர், வழியெல்லாம் நீரைத் தட்டிய ஒரு கையால் பிழைத்தவை என்பதை நினைவுகூர்வோமாக.