நாற்பதைத் தாண்டியும் ஜெயிப்பது எப்படி? போபண்ணா முதல் ஆனந்த் வரை ஒரு சின்ன ஆராய்ச்சி

2024 ஜனவரி 27. ஆஸ்திரேலிய ஓப்பன் ஆண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி. ரோகன் போபண்ணா – மேத்யூ எப்டன் ஜோடி 7-6, 7-5 என்று ஜெயித்தது. போபண்ணாவுக்கு அப்போது வயசு 43. அடுத்து வந்த தரவரிசையில் இரட்டையர் உலக நம்பர் 1. அந்த இடத்தை முதல் முறையாகப் பிடித்தவர்களில் அவரைவிட மூத்தவர் யாரும் இல்லை. இத்தனைக்கும் 2021-ல் மாதக்கணக்கில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல், ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று யோசித்தவர் அவர். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகாவால் சமாளித்து ஆடியவர்.

இது ஒருத்தர் கதை மட்டும் இல்லை. சின்ன வயசில் சென்னைக்கு வந்து பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸ், 40 வயசில் 2013 அமெரிக்க ஓப்பன் இரட்டையர் பட்டத்தை ராடெக் ஸ்டெபானெக்கோடு சேர்ந்து வென்றார். 2018 ஏப்ரலில் சீனாவின் தியான்ஜின் நகரில் போபண்ணாவோடு ஆடி டேவிஸ் கோப்பையில் தன் 43-ஆவது இரட்டையர் வெற்றியைப் பெற்றபோது அவருக்கு 44. அது உலக சாதனை.

எப்படி முடிகிறது? பத்திரிகைகள் "மன உறுதி" என்று முடித்துவிடும். மன உறுதி இருபது வயசுக்காரனுக்கும் இருக்குமே! அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் மைதானம். ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய அகலம் 8.23 மீட்டர். இரட்டையரில் மொத்த அகலம் 10.97 மீட்டர், ஆளுக்குப் பாதி என்றால் சுமார் 5.5 மீட்டர். அதாவது ஓட வேண்டிய அகலம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அடுத்து விதிகள். 2006-லிருந்து ஏடிபி தொடர் போட்டிகளின் இரட்டையரில் (கிராண்ட் ஸ்லாம் தவிர) டியூஸ் வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடும். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டை-பிரேக். மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் சக்தியைவிட, முக்கியமான நாலைந்து புள்ளிகளில் பதறாமல் இருப்பதுதான் பெரிசு.

மூன்றாவது, முன்கூட்டியே கணிப்பது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் சர்வ், நொடிக்கு 55 மீட்டர். மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர். காற்றும் தரையும் பந்தைத் தடுத்தாலும் எதிரில் நிற்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை நொடிதான். கண் பார்த்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே அதில் 0.2 நொடி போய்விடும். மீதியில் என்ன செய்வது? தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்துக்காகக் காத்திருப்பதில்லை. எதிராளி பந்தைத் தூக்கிப் போடும் விதம், தோளின் திருப்பம் இவற்றை வைத்தே திசையை ஊகிக்கிறார்கள். இது கால் வேகம் இல்லை, சேர்த்து வைத்த அனுபவம். காலைவிட மெதுவாகத்தான் தேயும்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது. மெல்போர்ன் இறுதியில் எதிரில் ஆடிய இத்தாலிய ஜோடியில் ஒருவரான சிமோன் பொலெல்லிக்கே வயசு 38. இளைய தலைமுறையின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒற்றையரில்தான் கவனம் வைக்கிறார்கள். ஆக, போபண்ணா வென்றது இளமையையா, இல்லை இளமை அதிகம் வராத ஒரு களத்தையா?

அதற்கு ஒற்றையரில்தான் பதில் தேட வேண்டும். 2024 ஜூலை 14, விம்பிள்டன் இறுதி. 21 வயசு அல்கராஸ், 37 வயசு ஜோகோவிச்சை 6-2, 6-2, 7-6 என்று வீழ்த்தினார். மூன்றே வாரம் கழித்து, ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக் இறுதி. அதே இருவர். இந்த முறை ஜோகோவிச் 7-6, 7-6. இரண்டும் டை-பிரேக். விம்பிள்டன் ஐந்து செட் போட்டி, ஒலிம்பிக் மூன்று செட் போட்டி. தரையும் புல்லிலிருந்து செம்மண்ணாக மாறியது, ஜூனில் அறுவை சிகிச்சை செய்த முழங்காலுக்கும் கூடுதல் ஓய்வு கிடைத்தது. அதனால் இந்த ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் தூரம் குறைந்த இடத்தில் மூத்தவர் ஜெயித்தார் என்பது கவனிக்க வேண்டியது.

நம்ம ஆனந்தையும் பாருங்கள். 2013-ல் சென்னையிலேயே கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். அது மணிக்கணக்கில் நீளும் கிளாசிக்கல் செஸ். 2017-ல் ரியாத்தில் உலக ரேபிட் போட்டி; ஆளுக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி கூடுதல். 48 வயசு ஆனந்த் கார்ல்சனைத் தோற்கடித்தார். டை-பிரேக்கில் 22 வயசு ஃபெடோசீவை வென்று சாம்பியன் ஆனார். வேகமான ஆட்டம் சின்னப் பசங்களுக்குத்தான் என்று நாம் நினைப்போம். நேரம் இல்லாதபோது முழுசாகக் கணக்குப் போட முடியாது. முன்பே பார்த்த அமைப்புகளை அடையாளம் காண வேண்டும். அது ஆனந்திடம் நாற்பது வருஷ இருப்பு.

எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கென் ரோஸ்வால் 39 வயசில், 1974-ல், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் இறுதிக்கு வந்தார். இரண்டிலும் ஜிம்மி கானர்ஸ் (முதலாவதில் வயசு 21, இரண்டாவதில் 22) நேர் செட்டில் ஜெயித்தார். ரோஸ்வாலுக்குக் கிடைத்தது முதலாவதில் 6 கேம், இரண்டாவதில் 2 கேம். அனுபவம் இறுதி வரை கொண்டு வந்தது, அதற்கு மேல் முடியவில்லை.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதில் பழகிய விஷயம் ஒன்று உண்டு. பழைய முறையில் கோர்வைப் புடவையைத் தனி ஆளாக நெய்ய முடியாது. கரைக்கு நாடா தள்ள, பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார வேண்டும். மூத்த கையும் இளைய கையும் ஒரே தறியில் வேலை செய்வதும் இங்கே சாதாரணம்.

நானும் நாற்பதைத் தாண்டிய மென்பொருள்காரன். டீமில் பாதிப் பேர் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர்கள். ராத்திரி முழுக்கக் கண்விழித்து அவர்களோடு கோடு எழுதிப் போட்டி போட்டால் எனக்கு ரோஸ்வால் கதிதான். ஒரு வருஷம் போட்டும் பார்த்தேன். இப்போது எங்கே உடையும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மணிக்கணக்கில் தேட வேண்டிய பிழை சில நேரம் ஐந்து நிமிடத்தில் கண்ணில் படுகிறது. சில நேரம் படாது. அப்போது பக்கத்து நாற்காலிப் பையனைக் கூப்பிடுகிறேன்.