பிள்ளையின் முகத்தில் செந்நிற மறு

பிறந்த பிள்ளையின் முகத்தில் ஒரு பக்கமாகச் செந்நிற மறு இருந்தால், "தாய் கிரகணத்தன்று வெளியே போனாளா?" என்றுதான் பலர் கேட்கிறார்கள். தாயின் மேல் பழி சுமத்துவதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

இது ஏன் வருகிறது?

தோலின் கீழுள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்தம் நிறைந்து நிற்பதால் தோல் சிவக்கிறது. முந்திரிகை இரசத்தின் நிறமுடையதால் இதனை 'போர்ட் வைன்' மறு என்பர். கரு வளரும்போது ஒரு கலத்தில் தற்செயலாக ஏற்படும் மரபணு மாற்றமே பெரும்பாலும் காரணம் என 2013இல் கண்டறியப்பட்டது. தாய் உண்டதோ பார்த்ததோ காரணமல்ல. 1000 பிள்ளைகளில் ஏறக்குறைய 3 பேருக்கு இது உண்டு. இது தொற்றாது, புற்றுநோயுமல்ல.

எப்போது கவனம் தேவை?

மறு நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு அதே பக்கத்து மூளையின் மேற்பரப்பிலும் கண்ணிலும் இரத்தக் குழாய்கள் இவ்வாறே பழுதுபட்டிருக்கும். இது 'ஸ்ரேர்ஜ் வெபர்' எனப்படும் அரிய நோய். பின்வருவனவற்றைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

1. வலிப்பு. இது பெரும்பாலும் முதல் வயதுக்குள்ளேயே தொடங்கும். மறுவுக்கு எதிர்ப்பக்கக் கை, கால் மட்டும் இழுக்கலாம்.
2. ஒரு பக்கக் கை, கால் பலவீனம்.
3. கண் பெரிதாதல், மங்குதல், நீர் வடிதல், வெளிச்சத்துக்குக் கூசுதல். கண்ணின் உள் அமுக்கம் கூடினால் பார்வை பறிபோகும்.

இவை எதுவும் தெரியாவிட்டாலும், இத்தகைய பிள்ளையின் கண் அமுக்கத்தைக் கண் வைத்தியர் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும்.

சிகிச்சை என்ன?

எண்ணெயோ பூச்சுமருந்தோ மறுவை அகற்றாது. சூடு வைத்தால் தழும்பே மிஞ்சும். லேசர் ஒளி விரிந்த குழாய்களைச் சுருங்கச் செய்யும். பலமுறை செய்ய வேண்டும். நிறம் மங்கும், முற்றாக மறைவது குறைவு. சிறுவயதில் தொடங்குவதே நல்லது. விட்டுவிட்டால் வயது போகப்போக மறு கருஞ்சிவப்பாகித் தடிக்கலாம்.

வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

இடம் மாறி வாழும் நாம் எதை விட்டுவந்தாலும், பிள்ளையின் கிளினிக் அட்டையையும் வலிப்பு மருந்தையும் கையோடு எடுத்துவர வேண்டும். மருந்து திடீரென நின்றால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். புதிய இடத்துக்கு வந்ததும் குடும்பநல மாதுவிடம் அட்டையைக் காட்டுவோம்.