வரிசை மாறினால் போச்சு
(இணையம் ஓடும் பாதை – 14)

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போனவர்களுக்குத் தெரியும்: ஊருக்கு வெளியிலேயே போலீஸ்காரர் வண்டியை மறித்துவிடுவார். எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள், எங்கே போக வேண்டும், பாஸ் இருக்கிறதா? பஸ் என்றால் தற்காலிக நிலையத்தோடு சரி. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பக்தியை அவர் அளப்பதில்லை. ரவுட்டரில் எழுதும் ஆக்சஸ் லிஸ்ட்டும் அவ்வளவுதான் பார்க்கும்: பாக்கெட் எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, எந்த போர்ட். உள்ளே இருப்பது வைரஸா, வாட்ஸ்அப் வாழ்த்தா என்பது அதற்குத் தெரியாது.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் கம்ப்யூட்டரும் சிசிடிவி பெட்டியும் 192.168.10 வரிசை முகவரிகளில் இருக்கின்றன. தங்க வருகிறவர்களின் வைஃபை 192.168.20 வரிசையில். அவர்கள் யூடியூப் பார்க்கட்டும், சிசிடிவி பக்கம் மட்டும் போகக் கூடாது. இரண்டு வரி போதும் என்று தோன்றும். ஒன்று, 20-லிருந்து 10-க்குப் போவதைத் தடு. அடுத்தது, 20-லிருந்து எங்கும் போக விடு. சிஸ்கோ ரவுட்டர் என்றால் 100 முதல் 199-க்குள் ஏதாவது ஓர் எண்ணில் எழுதி, வைஃபை பக்க இன்டர்ஃபேஸில், உள்ளே வரும் திசையில் மாட்ட வேண்டும். 1 முதல் 99 வரை உள்ளவை அனுப்புகிறவர் முகவரியை மட்டுமே பார்க்கும்; இங்கே உதவாது.

ரவுட்டர் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நிறுத்திக்கொள்ளும். ‘எங்கும் போக விடு’ மேலே ஏறிவிட்டால், கீழே உள்ள தடை வெறும் அலங்காரம். யாருக்கும் நெட் நிற்காது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த மாதிரித் தவறைக் கண்டால்தான் அதிகப் பயம்.

எதிலும் பொருந்தாததற்கு, நாம் எழுதாமலேயே கடைசியில் ஒரு வரி உண்டு: எல்லாவற்றையும் தடு. புதிதாக வைஃபையில் சேரும் போனுக்கு இன்னும் முகவரி கிடையாது. 0.0.0.0 என்று போட்டுத்தான் டிஹெச்சிபியிடம் முகவரி கேட்கும். நம் இரண்டு வரியிலும் அது சேராது. முகவரி கொடுப்பது அதே ரவுட்டர் என்றால், கேட்கிற பாக்கெட் வாசலிலேயே விழும். ரிசப்ஷனில் “நெட் வரலை சார்” என்று வரிசை கட்டுவார்கள். ஆகவே டிஹெச்சிபி கேட்கும் போர்ட்டான யுடிபி 67-ஐ அனுமதிக்கும் வரி ஒன்றும் வேண்டும், ஆக மூன்று.

ஒரு வரிக்கு என்ன பலம் என்று கேட்டால், 2003 ஜனவரி 25-ஐச் சொல்லலாம். ஸ்லாம்மர் என்ற 376 பைட் புழு, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் ஓட்டை வழியே பரவி, தாக்குதலுக்கு உள்ளாகக்கூடிய சர்வர்களில் சுமார் 90 சதவீதத்தைப் பத்து நிமிடத்துக்குள் பிடித்தது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது, பலர் போடவில்லை. அன்று நெட்வொர்க்காரர்கள் ஓடிப்போய் ரவுட்டரில் எழுதியது, புழு நுழைந்த போர்ட்டான யுடிபி 1434-ஐத் தடு என்ற வரியைத்தான்.

ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு போன்கள் ஒன்றையொன்று நோண்டுவதை இந்த லிஸ்ட் தடுக்காது. அந்தப் பாக்கெட் ரவுட்டரைக் கடந்து போவதே இல்லை. அதற்கு வைஃபை பெட்டியில் தனி செட்டிங் இருக்கிறது.

எழுதி முடித்ததும் விருந்தினர் வைஃபையில் சேர்ந்து சிசிடிவி முகவரியைத் திறக்கப் பாருங்கள். பிறகு ரவுட்டரில் ‘ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்’ கொடுங்கள். தடை வரிக்கு எதிரே, பொருந்திய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையா? வரிசை தப்பு, அல்லது லிஸ்ட்டை இன்டர்ஃபேஸில் மாட்டவே இல்லை.