மூச்சுத் திணறும் மாணவரும் பஞ்சாயத்தின் கடமையும்

பள்ளிக்கூடத்திற்குக் கட்டிடம் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், குடிநீர் வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுகிறோம். அக்கட்டிடத்தினுள் மூச்சுத் திணறும் குழந்தையைப் பற்றி யோசிப்பது அபூர்வம். திருவொற்றியூர், எண்ணூர் முதல் மீஞ்சூர் வட்டாரம் வரை வாழும் நாம் இனியும் இதனை ஒதுக்கி வைத்தலாகாது.

அனல் மின் நிலையங்களும், தொழிற்சாலைகளும், துறைமுகத்திற்குச் செல்லும் லாரிகளும் நிறைந்த பகுதி இது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் பரவிய நெடியால் மாணவிகள் பலர் மூச்சுத் திணறலுக்கு ஆளாயினர். நல்ல நுரையீரலையே வருத்தும் காற்று, ஆஸ்துமா உள்ள குழந்தையை எவ்வளவு வருத்தும்!

ஆஸ்துமா தொற்று நோயன்று. மூச்சுக் குழல்களின் உட்புறம் வீங்கி, தசைகள் இறுகி, காற்றுச் செல்லும் வழி குறுகிவிடுவதே இழுப்பு. புகை, தூசி, சளிக் காய்ச்சல் ஆகியவை அதனைத் தூண்டுகின்றன.

ஒருமுறை, இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வராத ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் வீட்டிற்குச் சென்றேன். "பள்ளியில் இழுப்பு வந்தால் யாருங்க ஐயா பார்ப்பாங்க?" என்றார் தாய். மருந்து அவர் கையிலேயே இருந்தது. அதைக் கொடுக்கத் தெரிந்தவர்தாம் பள்ளியில் இல்லை.

ஆசிரியர் அறிய வேண்டியவை சிலவே. இழுப்பு வந்த குழந்தையைப் படுக்க வைக்கலாகாது. நிமிர்ந்து உட்கார வைத்தல் வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த, உடனே மூச்சைத் தளர்த்தும் இன்ஹேலரை, அவர் குறித்த அளவில், ஸ்பேசர் என்னும் குடுவை வழியாக ஒவ்வொரு முறையாகக் கொடுக்க வேண்டும். மூச்சு தணியாவிடினும், பேச இயலாவிடினும், உதடு நீலம் பாய்ந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சுவது வீண். தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தை, குணமானதாக எண்ணி இடையில் நிறுத்துவதே ஆபத்து.

அம்மருந்து பீரோவில் பூட்டிக் கிடக்கலாகாது. கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். குழந்தையின் பெயர், மருந்து, அளவு, பெற்றோர் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய தாள் ஒன்று தலைமை ஆசிரியரிடம் இருக்கட்டும். நீரிழிவு, வலிப்பு உள்ள குழந்தைகளுக்கும் இவ்வாறே தனித்தனித் தாள் தயாரிக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துரையுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து ஆசிரியருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி தரச் செய்யுங்கள். பள்ளியருகே குப்பை கொளுத்துவதைத் தடுங்கள். விவசாயப் பெருமக்களே, அறுவடைக்குப்பின் வயலில் வைக்கோலைக் கொளுத்தாமல் மாட்டுத் தீவனத்திற்கோ, உரக்குழிக்கோ பயன்படுத்துங்கள்.

ஆலைப் புகையை ஒரு பஞ்சாயத்தால் ஒரே நாளில் நிறுத்த இயலாது. ஆயின் தன் ஊர்க் குழந்தை ஒன்று மூச்சுக்கு அஞ்சிப் படிப்பை விட்டு நிற்காதவாறு செய்ய, எந்தப் பஞ்சாயத்தாலும் இயலும்.